பாதிக் கடன் போதுமா?



வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரின் பழைய கடனட்டைக் கடன் சில வருடங்களாகக் கட்டப்படவில்லை. வங்கி மறந்துவிட்டது என்றிருந்தவர்களுக்கு, இப்போது கடன் அறவிடும் கம்பனியொன்றிலிருந்து நாளுக்கு நான்கு தடவை அழைப்பு. "இந்தக் கிழமைக்குள் பாதியைக் கட்டுங்கள், மிச்சத்தை விட்டுவிடுகிறோம்" என்கிறார்களாம். கட்டினால் மீதிப் பாதிக்கு மறுமையில் கேள்வி உண்டா என்பதே அவரது கவலை.

கஃபு இப்னு மாலிக் (ரழி) அவர்கள் தமக்குக் கடன்பட்டிருந்த இப்னு அபீ ஹத்ரத் (ரழி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கடனைக் கேட்க, இருவரின் சத்தமும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தமது அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்குமாறு சைகை காட்டினார்கள். கஃபு இணங்கினார். உடனே கடன்பட்டவரை எழுந்து கொடுக்கும்படி ஏவினார்கள். புகாரியில் பதிவான சம்பவம் இது. ஆகவே, கடன் கொடுத்தவர் மனமுவந்து விட்டது விட்டதுதான். ஆனால் பணத்தை ஒளித்து வைத்துக்கொண்டு "இல்லை" என்று அழுது கழிவு வாங்குவது இதில் சேராது.

பேரம் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. நமது நாடே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்து, 2024 டிசம்பரில் பிணைமுறிக்காரர்களிடம் முதற்பணத்திலேயே கழிவு பெற்றுத்தானே காரியத்தை முடித்தது!

சகோதரி கவனிக்க வேண்டியது, எதில் பாதி என்பதை. முதற்பணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கணக்கை எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். முதற்பணம் 180,000 ரூபா, வட்டி ஏறி இன்று 430,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 215,000. தயவு என்ற பெயரில் முதற்பணத்துக்கு மேல் 35,000 கேட்கிறார்கள்! பேச்சை முதற்பணத்திலிருந்து தொடங்குங்கள். "இவ்வளவுதான் ஒரே தடவையில் முடியும்" என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். "இந்தக் கிழமைக்குள்" என்பது பெரும்பாலும் அவர்களது மாத இலக்கின் அவசரம், நமது அவசரமல்ல.

கம்பனிக்காரர் வங்கியின் வகீல் மட்டுமே. கடனை விட்டுக்கொடுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. எனவே கணக்கிலக்கம், தொகை, இத்துடன் கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகம் ஆகியவற்றோடு வங்கியின் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கட்டாதீர்கள். "நல்லெண்ணத்துக்கு ஐயாயிரம் போடுங்கள்" என்பார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து மூலமான கடனுக்கு வழக்குத் தொடர ஆறு வருடமே தவணை. இடையில் சிறு தொகை கட்டினாலும் அந்தத் தவணை புதிதாகத் தொடங்கிவிடலாம். ஆறு வருடம் கடந்தால் நீதிமன்றத்தில் தப்பலாம் என்பது உண்மை. ஆனால் வாங்கிய முதற்பணம் அல்லாஹ்விடத்தில் காலாவதியாவதில்லை. அதை நான் சொல்லாமல் விட முடியாது.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. "பொலிஸில் பிடித்துக் கொடுப்போம்" என்ற மிரட்டலுக்கு நடுங்காதீர்கள். கட்ட முடியாத கடன் சிவில் விவகாரம். ஆனால் தவணைக்கென்று பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிட்டு, கணக்கில் பணமில்லாமல் அவை திரும்பினால் கதை வேறு. 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் அது குற்றமாகலாம். அதே சட்டப்படி, வங்கி தரும் பத்திரங்களை வைத்தே நீதிமன்றம் முதற் கட்டளையைப் பிறப்பிக்கும். குறித்த திகதியில் போய்க் காரணம் காட்டாவிட்டால் அது நிலைத்துவிடும். புதுக்கடையிலிருந்து கடிதம் வந்தால் அலுமாரியில் வைக்காமல் அன்றைக்கே சட்டத்தரணி ஒருவரிடம் கொண்டு போங்கள்.

தொல்லை எல்லை மீறினால், அழைப்பு வந்த நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கட்டி முடித்து சில மாதங்களின் பின், கடன் தகவல் பணியகத்தில் அறிக்கை எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

மஹர் நகையை விற்றுக் கட்டவா என்றும் அச்சகோதரி கேட்டிருக்கிறார். நகை அவருடையது. பிணையாளியாகக் கையொப்பமிட்டிருந்தாலன்றி, கணவரின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல. விரும்பிக் கொடுத்தால் அது அவர் செய்யும் உபகாரம். கம்பனிக்காரர் இனி அவருக்கு அழைத்தால், கணவரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடலாம்.