அரைப்பேர் முறையை நிறுத்தக் கோரும் மனு

பண்டாரவளை,
நவம்பர் 2025

கௌரவ தொழில் அமைச்சர் அவர்களுக்கு,

விடயம்: நாட்சம்பளத்தைப் பாதியாக்கும் ‘அரைப்பேர்’ முறையும் பிற கோரிக்கைகளும்

பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரையும் மலை வேலை செய்வோரையும் அங்கத்தவராகக் கொண்ட பதிவுபெற்ற தொழிற்சங்கம் எங்களுடையது.

இதே விடயமாக நாங்கள் எழுதும் நான்காவது கடிதம் இது. அதிகாரிகளுக்கு முதற் கடிதம் போனது 2021இல். அவ்வாண்டு மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியது. தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாட்சம்பளத்துக்கு, எத்தனை கிலோ என்று உட்கார்ந்து பேசும் இடமும் அத்தோடு போயிற்று. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொல்லப்படுவதே கணக்கு என்றானது. கிலோவை ஏற்றினார்கள். எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். இதைத் தோட்டம் தோட்டமாக விவரித்து எழுதியிருந்தோம்.

இரண்டாவது கடிதம் 2024இல். மேதினத்தில் கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி 1700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று முடிந்தது. ‘அரைப்பேர் இருக்கும்வரை எங்கள் சம்பளம் 1350 அல்ல, 675’ என்று அப்போது எழுதினோம். மூன்றாவது கடிதம், 2023இல் மலையக மக்களுக்கான ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டவர்களே ஆட்சிக்கு வந்த நம்பிக்கையில் எழுதியது. மூன்றுக்கும் பதில் வரவில்லை.

நாங்கள் பிடித்து நிற்பது ஒரே சட்டத்தை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் குறைய எந்த முதலாளியும் கொடுக்கலாகாது. 1350 ரூபா ஒரு நாளைக்கான அடிப்படைச் சம்பளம். காலையில் மலையேறி மாலைவரை நின்றவர் முழு நாள் வேலை செய்தவர். அவர் வேலையில் அசட்டை என்றால் விசாரணை நடத்தட்டும். தராசைக் காட்டிச் சம்பளத்தை வெட்டுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

கிலோ ஏன் எட்டவில்லை என்பதையும் அமைச்சர் அவர்கள் கேட்க வேண்டும். வயதேறிய தேயிலை, புல் வெட்டாத மலை, உரம் காணாத மண். இவற்றில் எதற்கும் பறிப்பவர் பொறுப்பல்ல. ஊவாவில் இன்னொன்றும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டும்போது கொழுந்து குறையும். உலகம் தேடி வாங்கும் ஊவாத் தேயிலையின் வாசம் அந்தக் காற்றிலேயே பிறக்கிறது. எங்கள் தேயிலைக்கு மதிப்புக் கூடும் மாதங்களிலேயே எங்கள் பெண்களுக்கு அரைப்பேர் விழுகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் எங்களுக்குத் தெரியவில்லை.

கடந்த மாதம் ஜனாதிபதி அவர்கள் பண்டாரவளைக்கே வந்து இந்திய வீடமைப்புத் திட்டத்தின் உரிமைப் பத்திரங்களை வழங்கினார். இம்மாத வரவுசெலவுத் திட்டத்தில் ஜனவரி முதல் 1750 ரூபா என்றார்: அடிப்படைச் சம்பளம் 1550, அரசு தரும் வரவுக் கொடுப்பனவு 200. வரவேற்கிறோம். ஆனால் அரைப்பேர் நாள் வரவு நாளாகுமா? ஆகாதென்றால் அன்று கையில் வருவது 775 ரூபா. அறிவித்த தொகையில் பாதிகூட இல்லை.

ஆகவே, முழு நேரம் வேலை செய்தவருக்கு முழுப்பேர் போட வேண்டுமென்று சுற்றறிக்கை வேண்டும். கிலோவை மலைக்கும் பருவத்திற்கும் ஏற்ப, சங்கத்துடன் பேசி எழுத்தில் நிர்ணயிக்க வேண்டும். தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிக்கும் எடையைத் துண்டில் எழுதித் தர வேண்டும். தொழில் உத்தியோகத்தர்கள் முன்னறிவிப்பின்றி வந்து வரவுப் பதிவேடான செக்ரோலைப் பார்க்க வேண்டும்.

பிற கோரிக்கைகள்:

1. வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவை அடிப்படைச் சம்பளத்துடன் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் கணக்கிடுதல்.

2. தொழில் விசாரணைகளையும் படிவங்களையும் தமிழில் வழங்குதல்.

3. 29.10.2014இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு போல் மீண்டும் நடவாதிருக்க, அபாய லயங்களில் உள்ளோரை மாரி வலுக்குமுன் இடம் மாற்றுதல்.

4. குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராக்களைத் திருத்துதல்.

ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் சுற்றறிக்கை வெளிவரவும், இக்கடிதத்திற்காவது எழுத்தில் பதில் கிடைக்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்