‘ஃபயர்’ எழுப்பிய வழக்கு

தாம்பத்தியத்தைப் பற்றியும், அதற்குள் அடங்கியும் அடங்காமலும் கிடக்கிற இச்சையைப் பற்றியும் ஒரு திரைப்படம் துணிந்து பேசுமானால், அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அபிப்பிராயத்தோடு வருவார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. கலியாணமானவர், ஆகாதவர், ஆகியும் ஆகாதவரைப் போல் வாழ்கிறவர் என்று கொட்டகையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தைக் கொண்டே அதை எடை போடுகிறார்கள். ஆகையால் தீர்ப்புகள் மாறுபடுவது இயற்கை. மாறுபடுவது படத்துக்கும் நல்லது, பார்த்தவர்களுக்கும் நல்லது என்பது நம் கட்சி. ஆனால் நம் நாட்டில் இவ்வகைப் படங்களைப் பற்றிய அபிப்பிராய பேதம் அதன் இயல்பான போக்கில் நடைபெற விடப்படுவதில்லை என்பதும், நடுவில் வேறொரு கூட்டம் நுழைந்து வழக்கையே திசை திருப்பிவிடுகிறது என்பதும், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘ஃபயர்’ என்ற படத்துக்கு நேர்ந்த கதியை நினைவுகூர்ந்தால் விளங்கும்.

தீபா மேத்தா எழுதி இயக்கி, ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்து, நம் ஏ. ஆர். ரகுமானின் இசையோடு 1996-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்தப் படத்தை, இந்தியத் தணிக்கைக் குழு ஒரு காட்சியையும் வெட்டாமல், வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழோடு அனுமதித்தது. இந்திப் பதிப்பில் நாயகியருள் ஒருத்தியின் சீதா என்ற பெயரை நீதா என்று மாற்ற வேண்டும் என்பதுதான் அது விதித்த நிபந்தனை. நவம்பர் 1998-இல் வெளியாகிச் சில வாரங்கள் ஒருவிதக் கலகமுமின்றி ஓடிய படத்தை, டிசம்பர் 2-ஆம் தேதி மும்பை கோரேகாவுன் திரையரங்கு ஒன்றில் சிவசேனைக் கட்சியினர் புகுந்து, கண்ணாடிகளை உடைத்து, சுவரொட்டிகளைக் கொளுத்தி நிறுத்தினார்கள். மறுநாள் தில்லி ரீகல் திரையரங்கிலும் அதே காரியம் நடந்தது. சட்டத்தையும் ஒழுங்கையும் காப்பதாகப் பிரமாணம் எடுத்துக்கொண்ட மகாராஷ்டிர முதலமைச்சர் மனோகர் ஜோஷி, உடைத்தவர்களைப் பாராட்டினார். அவர் கட்சித் தலைவர் பால் தாக்கரேயோ, படத்தில் ஒருவரையொருவர் நேசிக்கும் இரு பெண்களுக்கும் முஸ்லிம் பெயர்களை வைத்துவிட்டால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்ற பொருள்பட அறிவித்து, கலாசாரத்தின் மீது தமக்கிருந்த அக்கறை எவ்வளவு ஆழமானது என்பதைத் தாமே அளந்து காட்டிவிட்டார். படம் மறுபடியும் தணிக்கைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. இரண்டாம் முறை பார்த்த குழுவும் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றே முடிவு செய்து, 1999 பிப்ரவரியில் திருப்பி அனுப்பியது.

இந்த அமளியில் யாரும் நின்று பேசாமல் போன விஷயம், படத்தின் கதை. தில்லியில் உணவுக்கடையும், அதை ஒட்டி வீடியோ வாடகைக் கடையும் நடத்துகிற ஒரு நடுத்தரக் கூட்டுக் குடும்பம். மூத்தவன் அசோக் குடிகாரனல்லன், அடிக்கிறவனல்லன், தாயிடம் பக்தியும் தம்பியிடம் பரிவும் உள்ளவன். ஊரார் கண்ணுக்கு உத்தமன். மனைவி ராதாவுக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்தபின், தன் சுவாமிஜியின் உபதேசப்படி பதின்மூன்று ஆண்டுகளாகப் பிரம்மசரியம் காக்கிறான். காப்பதோடு நிற்கவில்லை. இரவில் அவளை அழைத்துத் தன் பக்கத்தில் படுக்கச் செய்து, தன் மனம் அசைகிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்துக்கொள்கிறான். சோதனை முடிந்ததும் அவள் எழுந்து தன் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். இதனால் எனக்கு என்ன பயன் என்று அவள் ஒருநாள் கேட்கையில், என் சாதனைக்கு உதவுவதே மனைவியாகிய உன் கடமை என்ற பாவனையில் அவன் விடையளிக்கிறான். குரலை உயர்த்தாமல், புலனை வென்றவனின் சாந்தத்தோடு சொல்கிறான் என்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரம். தம்பி ஜதினுக்கோ வேறொரு பெண்ணின் மேல் மையல். குடும்பத்தின் வற்புறுத்தலுக்காகச் சீதாவை மணந்தவன், தாஜ்மகாலைப் பார்க்கப் போன இடத்திலேயே அவளிடம் அலுத்துப்போகிறான். இவ்விதம் ஒருவனின் விரதத்தாலும் மற்றவனின் அசிரத்தையாலும் தனித்துவிடப்பட்ட ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த நேசம் தேகத்தையும் விலக்கி வைக்கவில்லை.

பார்த்தவர்கள் பலவிதமாகச் சொன்னார்கள். நம் வீட்டுப் பெண்களைப் பற்றிய அபாண்டம் என்றவர்கள் உண்டு. எங்கள் வாழ்வை முதன்முதலாகத் திரையில் கண்டோம் என்று கண் கலங்கிய பெண்களும் உண்டு. அப்பெண்களிலேயே வேறு சிலர், கணவன்மார் கைவிட்டதனால்தான் ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்று படம் காட்டுவது தங்கள் இயல்பைக் குறைவுபடுத்துவதாகக் குறைபட்டுக்கொண்டார்கள். ‘மானுஷி’ பத்திரிகையின் ஆசிரியர் மது கிஷ்வர், நம் குடும்பங்களில் பெண்கள் ஒரே பாயில் படுப்பதும், எண்ணெய் தேய்த்துவிடுவதும், கால் பிடித்துவிடுவதும் விகற்பமின்றி நடந்து வருகையில், அவ்வளவையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க இப்படம் கற்றுக்கொடுத்துவிடும் என்று நீண்டதொரு கட்டுரையில் வாதாடினார். அவர் வாதம் இலேசானதன்று. படத்திலேயே ஒரு காட்சி வருகிறது: குடும்பத்தோடு பூங்காவுக்குப் போன இடத்தில் எல்லார் முன்னிலையிலும் சீதா ராதாவின் பாதத்தைப் பிடித்துவிடுகிறாள், அதைப் பார்த்து அசோக், இப்படி ஒற்றுமையான குடும்பம் வாய்த்தது தன் பாக்கியம் என்று பூரிக்கிறான். அவன் பார்வையில் மாசில்லை. ஆனால் அவன் காண்பது ஒன்று, நடப்பது மற்றொன்று. கிஷ்வர் அஞ்சியது அந்த மாசற்ற பார்வை போய்விடுமே என்று. எதையும் காணாத கண்ணை மாசற்றது என்று போற்றத்தான் வேண்டுமா என்பது நம் சந்தேகம். இருந்தாலும் இது பேச வேண்டிய வாதம், பேசிப் பேசித் தெளிய வேண்டிய வாதம்.

நம் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். படம் குறையற்றதன்று. வடநாட்டு நடுத்தரக் குடும்பத்தார் தம் அந்தரங்கத்தை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது செவிக்கு உறுத்துகிறது. ராதா என்றும் சீதா என்றும் பெயர் சூட்டி, இராமாயணத்து அக்கினிப் பரீட்சையையும் இடையில் நுழைத்து, கடைசியில் அடுப்புத் தீ ராதாவின் சேலையில் பற்ற, கணவன் அவளை விட்டுவிட்டுத் தாயை மட்டும் தூக்கிக்கொண்டு போவதாகக் காட்டியிருப்பது, ரசிகனின் புத்தியில் இயக்குநருக்கு நம்பிக்கை போதவில்லையோ என்று எண்ண வைக்கிறது. வேலைக்காரன் முண்டுவின் இச்சையை மட்டும் அருவருப்பாகச் சித்திரித்திருப்பதில், எசமானியின் இச்சைக்கு ஒரு நியாயம், ஏவலாளின் இச்சைக்கு ஒரு நியாயம் என்ற பாரபட்சமும் தெரிகிறது. எனினும் இத்தனை குறைகளையும் கழித்த பிறகு மிஞ்சி நிற்கிற ஒரு குற்றச்சாட்டு உண்டு. தாம்பத்தியம் இருவர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கையில், ஒருவர் தம் ஆத்ம லாபத்துக்காக மற்றவரின் தேக தர்மத்தை அவர் சம்மதமின்றித் தத்தம் செய்துவிட அதிகாரம் உண்டா என்பதே அது. துறவி மனையறத்தை விட்டு நீங்கினால் மனைவிக்கு ஒரு வழி பிறக்கும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், உலகத்தைத் துறந்து சந்நியாசம் புகுந்தவரிடமிருந்து மணவிலக்குப் பெற இடம் தருகிறது. அசோக் துறக்கவில்லை. கடையையும் துறக்கவில்லை, மனைவியின் ஊழியத்தையும் துறக்கவில்லை. அவள் ஆசையை மட்டும் துறந்தான். தன்னுடையதல்லாத ஒன்றைத் துறப்பது தியாகமாகுமா?

இந்தக் கேள்வி அந்நிய தேசத்திலிருந்து இறக்குமதியானது என்பாருக்கு ஒரு தகவல். தக்க காரணமோ உடற்குறையோ இல்லாமல், கணவனோ மனைவியோ நெடுங்காலம் தாம்பத்திய உறவை ஒருதலைப்பட்சமாக மறுப்பது மனக்கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007-இல், சமர் கோஷ் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது. திரையரங்கின் கண்ணாடி உடைந்து ஒன்பதாண்டு கழியுமுன்பே, ராதாவின் வழக்கு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஒரே பாலினத்தவரிடையேயான உடலுறவைக் குற்றமாக வைத்திருந்த 377-ஆம் பிரிவின் பிடியும், வயது வந்து மனமொத்தவர்களைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பரில் தளர்ந்தது. கலாசாரம் அழிந்துவிடும் என்றவர்கள் இன்றும் அதே கலாசாரத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆயினும் 1998 டிசம்பரில் நடந்த வன்முறையால் மிக அதிகம் நஷ்டப்பட்டவர் யார் என்று கேட்டால், இயக்குநர் என்று நாம் சொல்லமாட்டோம். அவருக்குக் கியாதி வந்தது. நஷ்டப்பட்டவர், படத்தைக் காசு கொடுத்துப் பார்த்து, யோசித்து, நேர்மையாக வெறுத்த ரசிகர். அவர் வாயைத் திறந்தால் கண்ணாடி உடைத்தவனின் அணியில் சேர்த்து எண்ணப்படுவார் என்ற நிலைமை வந்துவிட்டது. அதேபோல், படத்தை ஓரளவு மெச்சி ஓரளவு குறை சொல்ல நினைத்தவரும், வன்முறைக்கு எதிராக நிற்க வேண்டிய அவசரத்தில், அதை ஒப்பற்ற காவியமாகப் புகழ வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளானார். அசோக்கின் விரதத்தைப் பற்றியும் ராதாவின் தனிமையைப் பற்றியும் வீடுகளில் எழுந்திருக்க வேண்டிய விவாதம், திரையரங்குக்குப் போலீஸ் பாதுகாப்பு உண்டா இல்லையா என்ற விவாதமாகச் சுருங்கிப்போயிற்று. எத்தனையோ அசோக்குகள் அன்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, கருத்து வேற்றுமை தன் வழியில் போக விடப்பட்டால் என்ன விளையும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1966-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியாயிற்று. மழையில் முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் தேற்றுகிற கதை. வாசகர்கள் பொங்கினார்கள், கண்டித்தும் பாராட்டியும் கடிதங்கள் குவிந்தன, அந்தத் தாய் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று தாங்களே முடிவை மாற்றி எழுதிக் காட்டியவர்களும் இருந்தார்கள். ஜெயகாந்தன் அத்தனை வாதத்தையும் செவிமடுத்து, சரி, தாய் அவ்விதம் தேற்றாமல் ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்ன ஆகியிருக்கும் என்று தம் எதிரிகளின் கட்சியிலிருந்தே தொடங்கி ஒரு நாவலை எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற அந்த நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 1977-இல் பீம்சிங் அதைப் படமாக்கினார். நாயகி கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். சண்டைக்கு வந்த வாசகர்களுக்கும் அந்த நாவலில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

பொதுஜனங்களின் மனம் புண்படுகிறதே, அதற்கு என்ன வழி என்று கேட்பவர்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. மனம் புண்படுவது மெய்யான அனுபவமே. புண்பட்டவர் எழுதலாம், மேடை ஏறலாம், வாயிலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம்; ‘ஃபயர்’ பக்கத்தில் நின்றவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரான நடிகர் திலீப்குமாரின் வீட்டு வாசலில், கலாசாரக் காவலர்கள் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு உட்கார்ந்து தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். ஆபாசத்தை எதிர்க்க இதைவிடப் பொருத்தமான முறை அவர்களுக்கு அகப்படவில்லை போலும்.

சட்டத்தின் நிலை இதில் ஐயத்துக்கு இடமற்றது. வாலி கதை வசனம் எழுதிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, ஊர்வலம் வரும், கலகம் மூளும் என்ற பயமுறுத்தலுக்கு இணங்கிக் கருத்துரிமையை முடக்கக் கூடாது என்றும், கலகத்தை அடக்கிப் படத்தைக் காட்டச் செய்வதே அரசின் கடமை என்றும் தெளிவாகக் கூறியிருக்கிறது. அது தமிழ்ப் படத்துக்காகப் பிறந்த தீர்ப்பு. அப்படியிருந்தும் 2013 ஜனவரியில், சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்களின் 144 தடை உத்தரவுகளால் தமிழ்நாட்டு அரசே நிறுத்தி வைத்தது. மகாராஷ்டிரத்தின் முதலமைச்சரைக் கண்டிக்கும் தகுதியை நாம் அன்று பாதி இழந்தோம்.

ஆகவே மாநில அரசுகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: வயது வந்தோருக்கு என்று சான்றிதழ் பெற்ற ஒரு படம் தாம்பத்தியத்தைப் பற்றி என்ன சொன்னாலும், அது ஓடுகிற கொட்டகைக்குக் காவல் கொடுங்கள், தடை உத்தரவு கேட்டு வருகிறவர்களிடம் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து அனுப்புங்கள். வாசகர்களையும் ஒன்று வேண்டுகிறோம். அடுத்த முறை இப்படியொரு படம் வரும்போது, பிறர் சொன்னதைக் கேட்டுக் கொதிக்காமலும் பிறர் சொன்னதைக் கேட்டு மெச்சாமலும், நீங்களே போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால், ஏன் பிடிக்கவில்லை என்பதை விரிவாக எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பிரசுரிக்கச் சித்தமாக இருக்கிறோம்.