வங்கிப் புடவைக்கு மயில் ரவிக்கை எதற்கு?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுத்து முடித்ததும் கல்யாண வீட்டாரின் அடுத்த நடை, ரவிக்கைக்குப் பூத்தையல் போடும் ஆரி வேலைக் கடைக்குத்தான். கைபேசியில் படம் படமாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். கைக்கு யானை, முதுகுக்குப் பல்லக்கு, கழுத்தைச் சுற்றி மயில். சிலருக்கு மணமக்களின் முகமே வேண்டும். புடவையோ பைக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அதை ஒரு தடவை பிரித்து மேசைமேல் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கோளாறு அங்கேதான்.

அந்தப் புடவையில் டிசைன் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை மூன்று நாடா போட்டு நெய்கிறார்கள். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளவே நெசவாளருக்குப் பக்கத்தில் துணையாள் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஏறி நிற்கிறது தாழம்பூ ரேக்கு. உடலில் மணப்பெண்ணின் தோள்வங்கி போல மடிந்து மடிந்து ஓடும் கோடு இருந்தால் அது வங்கிப் புடவை. கண் அந்தக் கோட்டோடுதான் ஓடும். பக்கத்திலேயே கல் பதித்த மயில் நின்றால் எதைப் பார்ப்பது?

மேலைநாட்டில் துணிப்பட்டைகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. நிறம் மாறும் பட்டைகளை ஏற்றி இறக்கித் தீச்சுடர் போல அலை வரவழைக்கும் வகைக்கு பார்ஜெல்லோ என்று பெயர். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோ அரண்மனை நாற்காலிகளில் இருந்த பூத்தையல் தந்த பெயர் அது. மேல்துணி தயாரானதும் நடுவில் பஞ்சுப் படலமும் அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்ட வேண்டும். அலையோடு ஓட்டுவதா, குறுக்கே ஓட்டுவதா என்பதுதான் அவர்கள் குழப்பம். ஆனால் அந்தத் தையலுக்கு ஒரு வேலை இருக்கிறது. அது இல்லாவிட்டால் பஞ்சு ஒதுங்கிவிடும். ரவிக்கையின் ஆரிக்கு அப்படி எதையும் பிடித்துவைக்கும் பொறுப்பு கிடையாது; வெறும் அலங்காரம். அப்படியென்றால் இன்னும் அடக்கமாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆரியே வேண்டாம் என்பதல்ல வாதம். எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே அதில் நாலு காசு பார்க்கிறார்கள். கரையே இல்லாத ஒற்றை நிறப் பட்டுக்கு முதுகு நிறைய வேலை போட்டாலும் பொருந்தும். அகலக் கரைப் புடவைக்குத்தான் அது ஆகாது. 1937-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா நெசவுக்கூடத்தின் புடவைகளில், கரை பளிச்சென்று பேசும்போது உடல் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஒரு நீலத்துக்கே தன் பெயரைத் தந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் மேடைப் படங்களைப் பாருங்கள். ரவிக்கை தனியாகக் கண்ணில் விழுவதே இல்லை.

ஆரி ஊசியின் இயல்பும் இந்த அடக்கத்துக்குத் தோதானதுதான். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, துளையிட்ட டிரேசிங் தாளின்மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். கொக்கி ஊசி அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்துச் சங்கிலியாகப் போட்டுக்கொண்டே போகும். கோட்டைத் தொடர்வது அதற்குக் கைவந்த வேலை. அந்தத் தாளில் கைபேசிப் படத்துக்குப் பதில் புடவையின் ரேக்கையோ வங்கியையோ வரைந்து, கைவிளிம்பில் ஒரே ஒரு வரி ஓட்டச் சொல்லலாம். செலவும் குறையும்.

அதையும் புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டில் போடாமல் இருப்பது நல்லது. அசல் சரிகை என்பது பட்டு இழையைச் சுற்றிய வெள்ளி. மேலே தங்க முலாம். கொக்கி அதில் மாட்டி இழுத்தால் சரிகை பிரிந்து உள்ளிருக்கும் பட்டு தெரியும். அதே நிறத்தில் தனியாக ரா சில்க் வாங்கி அதில் ஆரி போட்டுக்கொண்டால், பத்து வருஷம் கழித்து அளவு மாறும்போது வெட்டாத அசல் துண்டு பீரோவில் கைவசம் இருக்கும்.