ரேம் வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ரேம் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எந்த மாடல்?" என்பதுதான். சரியான கேள்வி. எத்தனை ஜிபி என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய பேச்சு.

மடிக்கணினி ரேம் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் டிடிஆர்3 தலைமுறை ரேமுக்கு 204 பின்கள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவிலுள்ள வெட்டின் இடமும் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அதைவிடச் சிக்கலானது டிடிஆர்3எல். வடிவம் டிடிஆர்3 போலவேதான், கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது 1.35 வோல்ட்டில் இயங்குவது, பழையதற்கு 1.5 வேண்டும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் பழையதைச் செருகினால் திரை இருண்டே கிடக்கும்.

ஏற்கெனவே உள்ள ரேமுக்கும் புதியதற்கும் வேகம் மாறினால் பயமில்லை. பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி வேலை செய்யும்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் வேகமும் ஸ்லாட் எண்ணிக்கையும் தெரியும். எனினும் மூடியைக் கழற்றிப் பார்ப்பதே உறுதி.

ஸ்லாட்டே இல்லாவிட்டால்? 2012 ரெட்டினா மேக்புக் ப்ரோவிலேயே ஆப்பிள் ரேமை மதர்போர்டில் பற்றவைத்துவிட்டது. இன்று மெல்லிய மடிக்கணினிகள் பலவும் அப்படித்தான். வாங்கும் நாளில் எடுத்த 8 ஜிபியே கடைசிவரை. இதை நிறுவனங்கள் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். கடன் வாங்கி மகளுக்குக் கணினி எடுக்கும் தகப்பனுக்கு, பணம் கட்டும் முன்பே அது தெரிந்தாக வேண்டும்.