கார் செய்கிற ஊரில் ஒரு பல்பு மாற்ற முடியவில்லை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரகடம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடியிருப்புகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாரம் முழுக்க கார் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்த ஒருவர், தன்னுடைய பழைய காரின் பேனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். ஹெட்லைட் பல்பு போய்விட்டது. பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் இறங்கியிருப்பார். பதினொரு மணிக்கு பம்பர் தரையில் கிடக்கும். இரண்டு பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். ஒரு போல்ட்டின் தலை தேய்ந்துபோய் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டிருக்கும். "என்னங்க, பேசாம மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாமே?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறந்தது. லாரி, புல்லட், டயர் என்று எல்லாம் இந்த வட்டாரத்தில் தயாராகின்றன. அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கே ஏன் இந்தப் பாடு?

முதல் காரணம், கார் உருவாகும் வரிசை. அசெம்பிளி லைனில் இன்ஜினை கீழேயிருந்து ஏற்றிப் பொருத்துவார்கள். டேஷ்போர்டு முழுசாக ஒரே துண்டாக உள்ளே போகும். பம்பர் கடைசிப் பக்கம்தான் வரும். அதனால் அங்கே எல்லா போல்ட்டும் கைக்கு எட்டும். வீட்டு வாசலில் அதே போல்ட் நாலு பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். லைனில் உள்ள கருவி, சரியான இறுக்கம் வந்ததும் தானே நின்றுவிடும். வீட்டில் அந்தக் கணக்கைக் கைதான் போட வேண்டும். கொஞ்சம் அதிகம் முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

இரண்டாவது காரணம், பூட்டு. 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனர் பொதுவான கோளாறுகளைக் காட்டும். அதற்கு மேல் போக கம்பெனியின் சாஃப்ட்வேர் தேவைப்படலாம்.

இந்தப் பூட்டு, வழக்காகவே வந்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிஸானும், மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஹூண்டாய்க்கு 2015-ல் தனி உத்தரவில் 420 கோடி. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

அபராதத்தைவிட அந்த உத்தரவில் இருந்த ஒரு கருத்து முக்கியமானது. 'வெளியில் ரிப்பேர் செய்தால் வாரன்டி முழுக்கக் காலி' என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது. வெளி ரிப்பேரால் உண்டான சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம்.

2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. உதிரிபாகம் தர மறுத்தாலோ, வாரன்டியைக் காட்டி மிரட்டினாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அதற்காக எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டாம். ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், ஃபியூஸ் ஆகியவற்றைத் தாராளமாக மாற்றலாம். டிரெய்லர் லாரிகள் ஓயாத இந்தச் சாலைப் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது அது கடைசி. துருப்பிடித்த போல்ட்டில் துரு நீக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். கட்டிங் பிளேயரால் திருகினால் தலை தேயும். அளவான ரிங் ஸ்பேனரே சரி. டயர் மாற்ற, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போடுங்கள்.

பிரேக்கும் ஏர்பேக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு. ஸ்டீயரிங், டேஷ்போர்டு பக்கம் மஞ்சள் வயரோ கனெக்டரோ தெரிந்தால், அது ஏர்பேக்குடையதாக இருக்கலாம், தொடாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஜாக்கி நழுவினால் உயிரே போய்விடும்.

உடைந்த கிளிப்பைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தேய்ந்த போல்ட்டை மெக்கானிக் எடுத்துக்கொடுப்பார். எதைத் தானே செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வீண் இல்லை. அடுத்த முறை மெக்கானிக் சொல்லும் கோளாறும், பில்லில் போடும் தொகையும் அவருக்குப் புரியும்.