அசையாத பிளேடைப் பழிக்கலாமா?

"1.4இல் வைத்துத் தொடர்ந்து எடுத்தால் ஒரு ஃபிரேம் பளிச்சென்று வருகிறது, அடுத்தது மங்குகிறது. லென்ஸ் போய்விட்டது." முகூர்த்த சீசன் முடிந்ததும் நம் தொழிலில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. லென்ஸைப் பொட்டலம் கட்டும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிஎஸ்எல்ஆரில் அபெர்ச்சர் பிளேடுகளுக்கு வேலையே துளையைச் சுருக்கும்போதுதான். 8 என்று வைத்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் அவை அதே அளவுக்குச் சுருங்கியாக வேண்டும். எண்ணெய் கசிந்து பிளேடு ஒட்டினாலும், லீவர் வளைந்திருந்தாலும் அங்கேதான் அளவு பிசகும். முழுத் திறப்பில் பிளேடுகள் ஓரத்தில் ஒதுங்கிச் சும்மா நிற்கின்றன. பிளேடு கோளாறு என்றால் 1.4 ஒழுங்காக இருந்து 8தான் தடுமாற வேண்டும். நமக்கு வரும் புகாரோ நேர்மாறு.

பெரும்பாலும் இதற்குக் காரணம் மண்டபத்து விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 1.4இல் ஷட்டர் 1/1000 போனால் ஓர் அலையில் பத்தில் ஒரு பங்குதான் ஃபிரேமில் விழும். அது உச்சியா பள்ளமா என்பது அதிர்ஷ்டம். அதே ஐஎஸ்ஓவில் 2.8 வைத்தால் ஷட்டர் 1/250, 4 வைத்தால் 1/125. கிட்டத்தட்ட முழு அலையும் உள்ளே வந்துவிடுவதால் ஏற்ற இறக்கம் அடங்கிவிடுகிறது. உடனே "4இல் லென்ஸ் நன்றாக இருக்கிறது, 1.4இல்தான் கோளாறு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மாறியது ஷட்டர், பழி லென்ஸுக்கு! 2014இல் கேனான் 7டி மார்க் 2 ஃப்ளிக்கர் தடுப்பு வசதியோடு வந்தது. இன்று பல கேமராக்களில் அது இருந்தும், மெனுவுக்குள் அணைந்தே கிடக்கிறது.

வெளியில் கதை வேறு. உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், 1.4க்குத் தேவைப்படும் ஷட்டர் ஏறத்தாழ 1/12800. கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000இல் நின்றுவிட்டால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளுக்கும். மேகம் மூடினால் சரியாகும், விலகினால் மறுபடி வெளுக்கும். இதற்கு மருந்து என்டி ஃபில்டர், சர்வீஸ் அல்ல. முழுத் திறப்பில் மூலைகள் இருள்வதும் உண்டுதான். ஆனால் அது எல்லா ஃபிரேமிலும் ஒரே மாதிரி இருளும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேனுவல் மோடில், ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்து (மேனுவலிலும் அது ஓடிக்கொண்டிருக்கும், மறந்துவிடாதீர்கள்), பகல் வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவரை 1.4இல் பத்து ஃபிரேம், ஷட்டரை அதற்கேற்ப இறக்கி 8இல் பத்து ஃபிரேம் எடுங்கள். 1.4இல் எடுத்த பத்தும் ஒத்துப்போனால் அந்தப் புகாருக்கு லென்ஸ் பொறுப்பில்லை. அப்போதும் தடுமாறினால் முதலில் ஷட்டரைச் சந்தேகியுங்கள். அந்த இருபது ஃபிரேம்களையும் சேர்த்தே சர்வீஸுக்கு அனுப்புங்கள்.