கணுக்கால் சுளுக்கு

மழைக்காலத்தில் ஈரமான பிளாட்பாரமும் அவசர ஓட்டமும் சேர்ந்தால் கணுக்கால் பிசகுதல் எளிது. ஊரிலாயின் சுளுக்கு வழிப்பவரை அழைப்போம். இங்கும் நம்மவர் பலர் தைலமிட்டு அழுத்தி உருவுகின்றனர். நாரிழைகள் கிழிந்த இடத்தை முதல் சில நாட்களில் அவ்வாறு உருவினால் வீக்கமே மிகும்.

முதற்கண் எலும்பு முறிவில்லை என அறிதல் வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் எளிய விதி வகுத்தனர்: நாலடி நடக்க இயலாவிடினும், கணுக்கால் எலும்புப் புடைப்பின் பின்விளிம்பை அழுத்துகையில் எலும்பே வலிப்பினும் எக்ஸ்ரே தேவை.

முறிவில்லையெனில், முதலிரு நாட்கள் காலுக்குத் துணிக்கட்டிட்டு உயர்த்தி வைத்தல் நலம். அதன்பின் படுத்தே கிடத்தல் தகாது. வலி பொறுக்குமளவு பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம்; பெருவிரலால் காற்றில் 'அ, ஆ' எழுதலாம். சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தலாம். இறுதியில், துணையின்றி ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கப் பழகவேண்டும்.

இக்கடைசிப் பயிற்சியையே பலர் கைவிடுகின்றனர். நார் கிழியும்போது, பாதம் சாய்வதை மூளைக்கு உணர்த்தும் நரம்புணர்வும் குன்றுகிறது. வலி நீங்கினும் அவ்வுணர்வு தானே திரும்பிவிடுவதில்லை; ஆதலால் அதே கால் மீண்டும் பிசகுகிறது. சில வாரங்கள் நாள்தோறும் பழகினால் இவ்வாபத்துக் குறையும்.

காலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்முடையவை. உறவினர் அருகிலில்லாத ஊரில், சம்பளமின்றி மறுமுறை படுப்பதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் பயிற்சிக்கு ஒதுக்குதல் அரிதன்று.